பேரலில் பெயர் இல்லை. இந்த ரிவால்வரைக் கட்டியது யார்?

கேள்வி:

என் மாமனார் டெக்சாஸில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் துறையின் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தார். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய ரிவால்வர் ஒன்று என் மனைவிக்கு வந்திருக்கிறது. 6 அங்குல உருட்டுப் பேரல், நல்ல கனம். பேரலில் ஓர் எழுத்துகூட இல்லை. மேலே நீளமாக ஒரு பட்டை, அதில் 'போ-மார்' என்று இருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் எண். சிலிண்டரைத் திறந்தால் 'மாடல் 10-6' என்றும், பக்கத்திலேயே சம்பந்தமில்லாத வேறோர் எண்ணும் தெரிகின்றன. ஹேமரின் கொம்பை வெட்டியிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர், போ-மார் கம்பெனி தயாரித்தது என்றார். இரண்டாமவர், எண்கள் பொருந்தவில்லை, ஒட்டுவேலை என்றார். மூன்றாமவர், பில் டேவிஸ் கைவேலை, நல்ல விலை போகும் என்றார். செய்தவர் யாரென்று எப்படி உறுதி செய்வது?

– வாசகர், சான் அன்டோனியோ

பதில்:

முதல் இருவரும் சொன்னது தவறு. மூன்றாமவர் சொன்னதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. உங்கள் கையில் இருப்பது ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10-6. அதன் பேரலைக் கழற்றிவிட்டு, கனமான வேறொரு பேரலைப் பூட்டி, மேலே குறிபார்க்கும் பட்டையைப் பொருத்தி, உள்ளே விசையைத் தீட்டிக் கொடுத்திருக்கிறார் ஒரு துப்பாக்கிக் கம்மியர். அமெரிக்கப் போலீஸ்காரர்களின் 'பிபிசி' (PPC) என்ற கைத்துப்பாக்கி சுடும் போட்டிகளுக்காகவே இப்படிக் கட்டினார்கள். ஆக, ஒரே துப்பாக்கியில் நான்கு பேர் கைவைத்திருக்கிறார்கள்: சட்டகம் செய்த தொழிற்சாலை, பேரல் தண்டு செய்தவர், பட்டை செய்தவர், இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டியவர். முதல் மூவரை ஒரே மாலையில் வீட்டு மேசையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் கேட்பது நான்காமவரை. அவரை ஒளிந்திருக்கும் கீறல் காட்டும், அல்லது காகிதம் காட்டும், அல்லது அவர் கட்டிய இன்னொரு துப்பாக்கி காட்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

சட்ட விஷயத்தை முதலில் முடித்துக்கொள்வோம். 'பெயரில்லாத ரிவால்வர்' என்றால் கம்மியரின் பெயர் இல்லாதது என்றே பொருள். வரிசை எண் இல்லாதது வேறு சங்கதி. வரிசை எண்ணை அழித்தோ மாற்றியோ இருக்கும் துப்பாக்கியை வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உங்களுடையதில் கைப்பிடியின் அடியில் எண் தெளிவாக இருப்பதால் கவலை இல்லை. எண் மங்கியோ அரமிட்டோ தெரிந்திருந்தால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போயிருக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் கவனிக்காத இன்னொன்று: எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. நீங்கள் விசாவில் இருப்பவரானால் துப்பாக்கி உங்கள் மனைவியின் பெயரிலும் பொறுப்பிலும் அவருடைய பூட்டிலும்தான் இருக்க வேண்டும். கீழே சொல்லும் வேலைகளையும் அவரே செய்யட்டும், அல்லது உரிமம் பெற்ற கம்மியர் செய்யட்டும்.

ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் சிலிண்டரை வெளியே தள்ளி ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

இப்படி ஏன் கட்டினார்கள் என்று தெரிந்தால் தேடுவது சுலபம். பிபிசி போட்டியில் 7, 15, 25, 50 கஜத் தொலைவுகளிலிருந்து சுடுவார்கள். முழுப் போட்டிக்கு 150 குண்டு, குண்டுக்கு அதிகபட்சம் 10 புள்ளி, மொத்தம் 1500. சுடுவது பெரும்பாலும் இரட்டை இயக்கத்தில், அதாவது ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்காமல் ட்ரிகரை மட்டும் முழுதாக இழுத்து. 50 கஜத்தில் ஆட்டம் கண்டால் புள்ளி போச்சு. அதனால்தான் 1 அங்குல விட்டமுள்ள உருட்டுப் பேரல். முன்பக்கக் கனம் துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும். ஹேமரின் கொம்புக்கு வேலை இல்லாததால் வெட்டிவிடுவார்கள். எடை குறைந்தால் ஹேமர் வேகமாகவும் விழும். மாடல் 10 போலீஸ் துறைகளில் கழித்துப்போட்ட துப்பாக்கியாக மலிவாகக் கிடைத்தது. எப்படியும் மேலே புதுப் பட்டை பொருத்தப் போகிறோம் என்னும்போது சரிசெய்யும் பார்வை (குறிபார்க்கும் அமைப்பு) உள்ள விலை கூடிய மாடல் எதற்கு? ஆகவே உங்கள் துப்பாக்கி மாடல் 10ஆக இருப்பது அதன் மதிப்பைக் குறைக்கிற விஷயம் இல்லை. அந்தக் காலத்துப் போட்டிக்காரர்களின் கணக்கு அது.

இனி எண்கள். சிலிண்டரைத் தாங்கி வெளியே விரியும் கைக்கு யோக் என்று பெயர். அது சட்டகத்தில் உட்காரும் பள்ளத்தில் மாடல் எண்ணை அடிக்கும் வழக்கத்தை ஸ்மித் அண்ட் வெசன் 1957இல் தொடங்கியது. 10-6 என்பது 1962இல் வந்த கனப்பேரல் வகை. நிலையான பார்வை கொண்ட இந்த அளவுச் சட்டகங்களில் 'டி' வரிசை 1968இல் தொடங்குகிறது. எனவே சட்டகம் 1968க்கு முந்தியதாக இருக்க முடியாது. மாமனார் போட்டிக்குப் போன காலத்தோடு இது சரியாக ஒத்துப்போகிறது. யோக் பள்ளத்தில் உள்ள 'சம்பந்தமில்லாத' எண் தொழிற்சாலைக்குள் பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கப் போட்ட கோர்ப்பு எண். அதே எண் யோக்கிலும், இயங்கும் பாகங்களைப் பக்கவாட்டில் மூடும் பக்கத்தகட்டின் உட்புறத்திலும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவை தொழிற்சாலையிலேயே சேர்ந்து பிறந்த பாகங்கள். அது வரிசை எண்ணோடு பொருந்தவே பொருந்தாது, பொருந்த வேண்டியதும் இல்லை. 'ஒட்டுவேலை' என்ற தீர்ப்பு இந்த எண்ணைப் பார்த்து வந்ததுதான். கடைகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம்.

வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் தெரிகிறதா? கைப்பிடிப் பலகைகளைக் கழற்றினால் சட்டகத்தின் பக்கவாட்டில் மாதமும் வருடமும்போல எண்கள் தெரிகின்றனவா? இருந்தால் துப்பாக்கி ஒருமுறை தொழிற்சாலைக்கே திரும்பிப்போய் வேலை பார்த்து வந்திருக்கிறது. அந்த வேலைக்கும் போட்டிக் கம்மியருக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையிடம் வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவேட்டின்படி ஒரு கடிதம் தருவார்கள். எந்தத் தேதியில், எந்தப் பேரல் நீளத்தில், எந்தப் பூச்சில், யாருக்கு அனுப்பினார்கள் என்பது அதில் இருக்கும். பிறகு யார் மாற்றினார் என்பது இருக்காது. ஆனால் அனுப்பியது மாமனாரின் துறைக்கே என்று வந்தால் அது பெரிய பிடி: துப்பாக்கி துறையிலிருந்தே அவரிடம் வந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

அடுத்து பேரல். பெயர் இல்லாவிட்டாலும் குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டியிருக்கும் மரைமுறுக்கு பேசும். சிலிண்டரை வெளியே தள்ளி, சட்டகத்தின் ஜன்னலில் வெள்ளைக் காகிதத் துண்டு வைத்து, வாய்ப்பக்கமிருந்து பார்த்துப் பள்ளங்களை எண்ணுங்கள். ஸ்மித் அண்ட் வெசன் பேரலில் 5 பள்ளம், வலப்பக்க முறுக்கு, 18¾ அங்குலத்துக்கு ஒரு சுற்று. கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் பேரலில் 6 பள்ளம், இடப்பக்க முறுக்கு, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போட்டிக் கம்மியர்கள் வாங்கிய தனித் தண்டுகளில் 10, 14, 16 அங்குலச் சுற்றுகள் இருந்தன. மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் உள்ள டக்ளஸ் கம்பெனித் தண்டுகள் இந்தத் தொழிலில் மிகுதியாகப் புழங்கின. 10 அங்குலச் சுற்றைப் பலர் விரும்பியதற்குக் காரணம் உண்டு. பிபிசியில் சுட்டது 148 கிரெய்ன் எடையுள்ள, அடிப்பக்கம் குழிந்த வாட்கட்டர் குண்டு. தட்டை மூக்கு உள்ள அந்தக் குண்டு 50 கஜத்தில் தள்ளாடாமல் போக வேகமான சுழற்சி உதவியது.

முறுக்கை அளக்கும் வழி இது. கைப்பிடி தாங்குருளையில் தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பி வேண்டும். சாதாரணக் கம்பி சுழலாது, அளவு பொய்யாகும். முனையில் இறுக்கமாகத் துணி சுற்றி, வாய்ப்பக்கமிருந்து உள்ளே அனுப்பிச் சட்டக ஜன்னல்வரை கொண்டுபோங்கள். அங்கிருந்து கம்பியை மெதுவாக வெளியே இழுத்து அளப்பதே நல்லது. தள்ளும்போது கம்பி வளைந்து துணி பள்ளத்தை விட்டு வழுக்கும். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு. பேரல் வாயை ஒட்டிக் கம்பியில் ஒரு துண்டு ஒட்டுநாடா. கோடு கால் சுற்று திரும்பியதும் நிறுத்தி, நாடா வாயிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து நான்கால் பெருக்குங்கள். 6 அங்குலப் பேரலில் முழுச் சுற்று கிடைக்காது என்பதால்தான் கால் சுற்று. 63 அல்லது 64 மி.மீ. வந்தால் 10 அங்குலச் சுற்று. 89 மி.மீ. என்றால் 14. 102 என்றால் 16. 119 என்றால் ஸ்மித் அண்ட் வெசனின் சொந்தச் சுற்று. மூன்று முறை அளந்து, மூன்றும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் மட்டும் எழுதிவையுங்கள். திசைக்கு: உங்களை விட்டு விலகிப் போகப்போகப் பள்ளம் கடிகார முள்போல் திரும்பினால் வலமுறுக்கு. எந்த முனையிலிருந்து பார்த்தாலும் விடை ஒன்றுதான்.

சிலர் ஈயக்கட்டியை அடித்து ஓட்டி விட்டத்தையும் அளப்பார்கள். 5 பள்ளம் உள்ள பேரலில் பள்ளத்துக்கு நேரெதிரே மேடு வரும். சாதாரண மைக்ரோமீட்டரால் பள்ள விட்டத்தை அளக்க முடியாது, வி-வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். உங்கள் கேள்விக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. முறுக்கும் பள்ள எண்ணிக்கையும் போதும்.

5 பள்ளமும் 18¾ அங்குலச் சுற்றும் வந்தால் பேரலின் உள்தண்டு ஸ்மித் அண்ட் வெசனுடையது என்று நினைக்கலாம். 10 வந்தால் தனித்தண்டு. இடமுறுக்கு வந்தால் கோல்ட் பேரல். கோல்ட் பேரலை ஸ்மித் சட்டகத்தில் பூட்டிய ரிவால்வருக்கு அமெரிக்காவில் 'ஸ்மோல்ட்' என்றும் 'ஸ்மைத்தான்' என்றும் செல்லப்பெயர்கள் உண்டு. ஆனால் பைத்தான் பேரலுக்கு மேலே காற்றுத் துளையுள்ள பட்டையும் கீழே முழுநீளக் கூடும் சேர்ந்தே வரும், பார்த்ததுமே தெரிந்துவிடும். உங்களுடையது வெறும் உருட்டு என்பதால் அது இல்லை என்று இப்போதே சொல்லிவிடலாம்.

பேரல் பூட்டிய விதத்திலும் கம்மியரின் குணம் தெரியும். அந்தக் காலத்து 10-6இல் சட்டகத்தின் ஊடே ஒரு சிறு ஊசி பாய்ந்து பேரலைப் பிடித்திருக்கும் (1982வாக்கில் கம்பெனி இதைக் கைவிட்டது). புதுப் பேரல் போட்டவர் அந்த ஊசிக்காகப் பேரலில் காடி வெட்டினாரா, வெறும் ஊசியைத் துளையில் அடைத்து மூடினாரா, துளையை அப்படியே விட்டாரா என்று பாருங்கள். பேரலின் பின்முகத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுப் பாருங்கள். 0.003 முதல் 0.006 அங்குலத்துக்குள் இருந்து, ஆறு அறைகளிலும் ஒரே அளவு வந்தால் கவனமான கை.

போ-மார் விஷயத்துக்கு வருவோம். டெக்சாஸின் லாங்வியூவில் இருந்த கம்பெனி அது. பார்வைகளையும் பட்டைகளையும் செய்து, கேட்ட கம்மியருக்கெல்லாம் விற்றது. பட்டையில் உள்ள பெயரை வைத்துத் துப்பாக்கியைக் கட்டியவரைச் சொல்வது, சட்டைப் பித்தானில் இருக்கும் பெயரைப் படித்துத் தையற்காரரைச் சொல்வது போலத்தான். அந்நாளில் புழங்கிய அரிஸ்டோகிராட் பட்டைக்கும் இதே கதை. ரான் பவர் என்ற கம்மியரின் பட்டை விதிவிலக்கு. அவர் துப்பாக்கியும் கட்டினார், கிராண்ட் மாஸ்டர் என்ற பட்டையையும் விற்றார். அவர் பட்டை இருந்தாலும் அவரே கட்டியதாகிவிடாது, பட்டையைத் தனியாகவும் வாங்கலாம்.

ஆனாலும் பட்டையை அசட்டை செய்யாதீர்கள். பெயரைவிட அது பொருத்தப்பட்ட விதம் முக்கியம். எத்தனை திருகு, எங்கே, திருகுத் தலைகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, பட்டையின் பின்முனை சட்டகத்தின் வளைவோடு சேர்த்து இழைக்கப்பட்டதா, இல்லை பெட்டியிலிருந்து எடுத்தபடியே திருகப்பட்டதா, முன்முனை பேரல் வாயோடு சரிமட்டமா. இவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை மட்டும் கழற்றாதீர்கள். சிலர் அடியில் பசை வைத்திருப்பார்கள். கழற்றினால் பூச்சு பெயரும், பழைய குறிநிலையும் போய்விடும்.

இனி ஒளிந்திருக்கும் அடையாளம். கம்மியர்கள் பலர் விளம்பரத்துக்கு வெளியே பெயர் அடிக்காவிட்டாலும், துப்பாக்கி பழுதுக்குத் திரும்பி வந்தால் தன் வேலையா என்று தெரிந்துகொள்ள உள்ளே மின்சார எழுத்தாணியால் இரண்டு எழுத்தோ, வேலை எண்ணோ, தேதியோ கீறிவைப்பார்கள். முதலில் கைப்பிடிப் பலகைகளைக் கழற்றுங்கள். பலகையின் உட்புறத்திலும் பென்சில் குறிப்பு இருக்கலாம். அடியில் உள்ள சட்டகத்தின் இரு பக்கங்களையும் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. ஒற்றை எழுத்து முத்திரைகள் தொழிற்சாலைச் சோதனையாளர்களுடையவை. கையால் கீறியதுபோல் கோணலாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

அங்கே ஒன்பது இலக்க எண் கீறியிருந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். திருட்டுப் பொருளை அடையாளம் காண வசதியாக உடைமைகளில் சமூகப் பாதுகாப்பு எண்ணையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ பொறித்துவைக்கும்படி 1970களில் போலீசாரே ஊக்குவித்தார்கள். அது மாமனாரின் எண்ணாகத்தான் இருக்கும். படங்களைப் பிறருக்கு அனுப்பும் முன் அதை மறைத்துவிடுங்கள்.

வெளியே ஒன்றும் கிடைக்காவிட்டால் பக்கத்தகட்டைத் திறக்க வேண்டும். பழக்கமில்லாதவர் இதைக் கம்மியரிடம் கொடுத்து எதிரே நின்று பார்ப்பதே மேல். செய்தே தீருவேன் என்றால், நுனி ஆப்பு வடிவில் இல்லாமல் இணைகோடாக இருக்கும் திருகுச்சி வேண்டும். சாதாரணத் திருகுச்சி திருகின் காடியைச் சிதைக்கும், சிதைந்த திருகு விலையைக் குறைக்கும். மூன்று திருகுகளையும் கழற்றிய இடத்தின் வரிசையிலேயே அட்டையில் குத்திவையுங்கள். முன்திருகு யோக்கைப் பிடிப்பது, அந்த இடத்துக்கென்றே இழைத்தது. மாற்றிப் போட்டால் சிலிண்டர் விரிய மறுக்கும், அல்லது ஆடும். கைப்பிடிப் பலகைக்கு அடியில் வருவதன் தலை தட்டையாக இருக்கும். தகட்டின் ஓரத்தில் எதையும் நுழைத்து நெம்பவே கூடாது. துப்பாக்கியைத் தகடு மேலாகப் பிடித்து, கைப்பிடிச் சட்டகத்தை மரக்கைப்பிடியால் தட்டுங்கள். அதிர்வில் தகடு தானே எழும்பும். தகடு இல்லாத நிலையில் ட்ரிகரை இழுக்காதீர்கள். உள்ளே உள்ள அச்சுகளுக்கு மறுமுனைத் தாங்கலே அந்தத் தகடுதான். வளைந்தால் சட்டகமே போச்சு.

தகட்டின் உட்புறம், ஹேமரின் இரு பக்கங்கள், ட்ரிகரின் பின்புறம், அதற்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் சறுக்குக் கட்டை, யோக்கின் தண்டு ஆகியவற்றில் கீறலைத் தேடுங்கள். கூடவே ஹேமர்த் தடுப்பு என்ற மெல்லிய நீண்ட தகடு இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கி கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் காப்பது அதுதான். உராய்வு குறையும் என்று போட்டிக்காரர்களில் சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இல்லையென்றால் புதிதாக வாங்கிப் பொருத்தும்வரை தோட்டா நிரப்பவே வேண்டாம்.

கீறலும் இல்லையென்றால் மிஞ்சுவது கைவாகு. இதில் எனக்கு மிக நம்பகமாகத் தோன்றுவது யோக் பூட்டு. தொழிற்சாலைப் பேரலின் அடியில் ஒரு மேடு உண்டு. சிலிண்டரின் நடுக்கம்பி முன்னால் அதில் பூட்டிக்கொள்ளும். உருட்டுப் பேரலில் அந்த மேடு இல்லாமல் போனால் முன்பூட்டும் போய்விடும். ஈடுகட்ட, யோக்குக்கும் சட்டகத்துக்கும் நடுவே வில்லோடு கூடிய சிறு எஃகுக் குண்டு வைப்பார்கள். கடையில் வாங்கிப் பூட்டும் பாகமாக அது பெரும்பாலும் இருக்காது. குண்டு எங்கே, என்ன அளவு, யோக்கிலா சட்டகத்திலா, எதிர்ப்பள்ளத்தின் வடிவம் என்ன என்பதெல்லாம் கட்டுகிறவர் முடிவு. ஒருவர் ஒருமுறை அச்சுக்கட்டை செய்துவைத்தால் ஆயுள் முழுக்க அதே இடத்தில்தான் துளைப்பார். அதற்கடுத்து பேரல் வாயின் விளிம்பு கடையப்பட்ட விதம், ஹேமர் கொம்பை வெட்டிய வளைவு, ட்ரிகர் முகத்தின் வட்டிப்பு, கைப்பிடிச் சட்டகத்தின் முன்பக்கத்தில் உள்ள கட்டக் கீறல்கள் அங்குலத்துக்கு எத்தனை என்பவை. பேரலின் பின்வாய்க் கூம்பு 11 பாகையில் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. அந்தக் கருவியை எல்லாரும் விலைக்கு வாங்கினார்கள். கைப்பிடிப் பலகை ஆதாரமே இல்லை, ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

கைவாகு ஒப்பிட இன்னொரு துப்பாக்கி வேண்டுமே! மாமனாரின் அணியில் சுட்டவர்களைத் தேடுங்கள். அணிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கம்மியரிடம் போவார்கள். ஒருவருக்கு நன்றாக அமைந்தால் மற்றவரும் வரிசையில் நிற்பார். அவர்களில் ஒருவரிடம் பெயர் தெரிந்த, ரசீதுள்ள ரிவால்வர் இருந்து, யோக் பூட்டும் பட்டைத் திருகுகளும் உங்களுடையதோடு அளவு மாறாமல் ஒத்தால், வழக்கு முக்கால்வாசி முடிந்தது. படம் எடுக்கும்போது வலம், இடம், மேல், வாய்க்கு நேர் எதிர், யோக் விரித்த நிலை, கைப்பிடிப் பலகை இல்லாத இரு பக்கம் என ஏழு படம் போதும். ஒவ்வொன்றிலும் ஓர் எஃகு அளவுகோல் தெரிய வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும்.

காகிதத்தையும் தேடுங்கள். துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய சீட்டு, போட்டிப் புள்ளிக் குறிப்பேடு, பழைய காசோலை அடிக்கட்டை, வருமானவரிக் கோப்பு. வேலைக்காக ஒருநாளுக்கு மேல் வைத்திருந்த துப்பாக்கியை உரிமம் பெற்ற கம்மியர், துப்பாக்கிகள் வந்துபோவதைக் குறிக்கும் தன் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். தொழிலை மூடினால் அந்தப் பதிவேடுகள் துப்பாக்கி உரிமங்களைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஏடிஎஃப் துறைக்கு, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மையத்துக்குப் போய்விடும். குற்றப் புலனாய்வுக்காக மட்டுமே அங்கே தேடித் தருவார்கள், தனியார் கேட்டால் கிடைக்காது. ஆனால் இன்னும் தொழிலில் இருக்கும் கடையோ, கடையை எடுத்து நடத்தும் குடும்பமோ வரிசை எண்ணைச் சொன்னால் தன் ஏட்டைத் தானே புரட்டிப் பார்க்கலாம். பணிவாக எழுதிக் கேளுங்கள்.

பில் டேவிஸ் பற்றி: கலிபோர்னியாவின் சேக்ரமென்டோவில் இருந்தவர், போலீஸ் போட்டி ரிவால்வர்களில் பெயர் பெற்றவர். நியூ ஜெர்சியில் ஆஸ்டின் பெல்லர்ட், உங்கள் பக்கத்து மாநிலமான லூயிசியானாவில் ஜிம் கிளார்க் ஆகியோரும் அந்தக் காலத்துப் பெரிய கைகள். இப்படிப் பெயர் தெரிந்தவர்கள் சிலர் என்றால், தன் ஊர் போலீஸ்காரர்களுக்கு மட்டும் கட்டிக்கொடுத்த பெயர் தெரியாத கம்மியர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. பெயரில்லாத நல்ல ரிவால்வர் எதைப் பார்த்தாலும் விற்பவர் வாயில் பெரிய பெயர் வருவது இயல்பு. டெக்சாஸ் போலீஸ்காரரின் துப்பாக்கி கலிபோர்னியாவரை போய் வந்தது என்றால் அதற்கு ஒரு ரசீதோ கடிதமோ கேட்பது நியாயம்தான்.

கிடைத்ததை மூன்று தரமாகப் பிரித்து எழுதி, துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்: ரசீது அல்லது கீறல் இருந்தால் 'இன்னார் கட்டியது', அளவு ஒத்த ஒப்பீடு மட்டும் இருந்தால் 'இன்னார் கட்டியதாகக் கருதப்படுவது', இரண்டும் இல்லையென்றால் 'மாடல் 10-6 சட்டகத்தில் கட்டிய பிபிசி ரிவால்வர், போ-மார் பட்டை, கட்டியவர் தெரியவில்லை'. விற்கும்போதும் இதே வரிதான். மனைவிக்கு உறுதியாகத் தோன்றுகிறது என்பதற்காகப் பெயரைப் பொறிக்கவோ, பளபளக்கட்டும் என்று மறுபூச்சுக்குக் கொடுக்கவோ வேண்டாம். மெருகேற்றும் சக்கரம் முதலில் தின்பது ஆழமில்லாத கீறல்களைத்தான்.

சுடுவதானால் மூன்று எச்சரிக்கை. ஒன்று, இது .38 ஸ்பெஷல். .357 மேக்னம் உறை அதைவிட 3 மி.மீ.க்கும் சற்றுக் கூடுதல் நீளம், தொழிற்சாலை அறையில் முழுதாக இறங்காது. வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவை வைத்துப் பாருங்கள். மேக்னம் இறங்கினால் யாரோ அறையைக் கடைந்து நீட்டியிருக்கிறார்கள், அந்தச் சிலிண்டரில் எதையும் சுடக் கூடாது. இரண்டு, கொம்பு வெட்டியவர் பெரும்பாலும் ஹேமர் நிற்கும் படியையும் எடுத்திருப்பார். கையால் இழுத்து நிறுத்திப் பார்க்க முயலாதீர்கள். மூன்று, இப்படித் தீட்டிய துப்பாக்கிகளில் ஹேமர் வில்லின் அழுத்தம் குறைவு. தோட்டாவின் அடியில் அடிபட்டுப் பற்றிக்கொள்ளும் பிரைமர் கெட்டியாக இருந்தால் அடி விழுந்தும் வெடிக்காமல் போகும். ஃபெடரல் பிரைமர் மென்மையானது என்பதால் போட்டிக்காரர்கள் அதையே தேடி வாங்கினார்கள். 148 கிரெய்ன் வாட்கட்டரில் அந்தப் பிரைமர் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வெடிக்காத தோட்டா அகப்பட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்து, பிறகு சிலிண்டரைத் திறங்கள்.